ஆறாவது கட்டம்

உன் அலுமாரியைக் காலிசெய்து தரச் சொல்லிவிட்டார்கள். புதிதாக வரும் விரிவுரையாளருக்கு வேண்டுமாம். கதவைத் திறந்ததும் புத்தக வாசனைக்கு முன்னால் தைல வாசனைதான் வந்தது. கலஹாவிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் தலை இடிக்குமென்று நீ நெற்றியில் தேய்த்துக்கொண்டு வருவாயே, அதே தைலம். மேல்தட்டில் நம் ஆய்வுக் கோப்பு இருந்தது. துண்டுத்தாள்களை வாரம் வாரமாக ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தாய்.

நாம் இருவரும் சேர்ந்து செய்த ஒரே ஆய்வு அது. முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு உளவியலை ஆங்கிலத்தில் படிப்பித்துவிட்டு விளங்கியதா என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். பரீட்சை வந்தால்தான் நம் வண்டவாளம் தெரியும். தலையாட்டலை நம்பி ஏமாந்தது போதும் என்று நீதான் தொடங்கினாய். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டு, ஒரே ஒரு கேள்வி: இன்று விளங்காதது எது? எந்த மொழியிலும் எழுதலாம், பெயர் மட்டும் எழுதக் கூடாது. "பேரு கேட்டா பொய்தான் வரும்" என்றாய். அடுத்த வகுப்பை அந்தத் துண்டுகளிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்குப் பாடம் கூடுதலாகப் பிடிபடுகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு.

துண்டுகளைப் பிரிக்க ஐந்து கட்டங்கள் போட்டோம். சொல் விளங்கவில்லை, வேகம் கூடிவிட்டது, உதாரணம் போதவில்லை, முன்பாடம் மறந்துவிட்டது, வேறு. நீ தனியாகவும் நான் தனியாகவும் வாசித்துக் கட்டத்தில் குறிப்போம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கன்டீனில் ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டு பேரின் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுக்குத்தான் ஆய்வுக்கு மதிப்பு. எனக்குப் பதவி உயர்வு அதிலிருந்து எழுதப்போகும் கட்டுரையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் நான் ஒத்துப்போகாதவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து உன்னோடு மல்லுக்கட்டுவேன்.

கடைசிக்கு முந்தைய வாரத்தில் அந்தத் துண்டு வந்தது. நீல மை, சின்ன எழுத்து, தமிழ். "பாடம் விளங்கியது. காலையில் ஏன் எழும்ப வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை."

நான் 'வேறு' என்று குறித்திருந்தேன். நீ உன் குறிப்புத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு, "உடனே பேச வேண்டும்" என்று எழுதியிருந்தாய்.

"ஒரு துண்டுக்காக ஒரு வகை வைக்கேலாது" என்றேன்.

"ஒண்ணுதான். ஆனா இத அங்க போட மனசு வரலடி. அடுத்த வகுப்புல பொதுவாவாச்சும் சொல்லுவோமே, எங்ககிட்ட வந்து பேசுங்கன்னு."

"இப்ப கதைச்சா இனி வாற துண்டெல்லாம் மாறிப்போகும். இன்னும் ஒரு வாரம்தானே. முடியட்டும், பிறகு கதைப்பம்."

நீ அழிறப்பரை எடுத்து அந்தக் கட்டத்தை அழித்தாய். அந்த வாரம் நம் குறிப்புகள் முழுவதும் ஒத்துப்போயின. சந்தோஷத்தில் உனக்கு நான் பிளேன்டீ வாங்கித் தந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

விடுமுறையில் மூன்றாம் வரிசைப் பிள்ளை ஒருத்தி இறந்துபோனாள். அவளுடைய ஊர் தெல்தோட்டைக்குப் போனோம். வீட்டில் காய்ச்சல் என்றார்கள், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. "எந்நேரமும் பொஸ்தகந்தாங்க" என்று தாய் நம் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். திரும்பும் பஸ்ஸில் நீ யன்னலைப் பார்த்தபடி கேட்டாய்: "அந்தப் புள்ள எழுதுனதான்னு பாக்க முடியுமா?" முடியாது. அவளுடைய விடைத்தாள்கள் ஆங்கிலத்தில் இருந்தன, துண்டு தமிழில். ஒப்பிட ஓர் எழுத்துக்கூட இல்லை.

"பேரு வேணாம்னு நாமதான அப்பிடி செஞ்சு வச்சோம்" என்றாய்.

கட்டுரையிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொன்னாய். எடுத்துவிட்டு அனுப்பினேன். அட்டவணையின் கடைசி வரியில் 'வேறு' என்பதற்குள் அந்த நீல மையும் எண்ணிக்கையாகக் கிடக்கிறது. பதவி உயர்வு வந்தது. நீ வாழ்த்தினாய், ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கன்டீனுக்கு வருவதை நிறுத்திவிட்டாய். எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு உனக்குத் தலையிடி கூடியது. பஸ்தான் காரணம் என்று நீயும் சொன்னாய், நானும் நம்பினேன். மூளைக்குள் கட்டி என்று தெரிந்தபோது செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை; சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாய். உன்னையும் பிழையான கட்டத்தில்தான் போட்டு வைத்திருந்தேன்.

கோப்பில் அந்த வாரத் தாளை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சிலை அழுத்தித்தான் எழுதியிருக்கிறாய். அழித்த பிறகும் நாலு கோடும் தெரிகின்றன, "உடனே" என்ற சொல்லும் தெரிகிறது.

இப்போதும் துண்டுகள் கொடுக்கிறேன், ஆய்வுக்காக அல்ல. கேள்விக்குக் கீழே ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறது: "உங்களோடு பேச வேண்டும்." விரும்பினால் பெயரும் எழுதலாம். அன்றைக்கு வந்ததை அன்றைக்கே வாசித்து முடிக்காமல் கட்டடத்தை விட்டு வெளிக்கிடுவதில்லை. அநேகமான வாரங்களில் கட்டம் வெறுமையாகவே வரும். அந்த வெறுமையையும் நான் முழுதாக நம்புவதில்லை.

இன்று ஒரு துண்டில் அடையாளம் போட்டிருந்தது. பெயர் இல்லை. அடுத்த வகுப்பு வியாழக்கிழமை. வகுப்பு முழுவதற்கும் போனில் செய்தி அனுப்பினேன்: "அறையில்தான் இருக்கிறேன். யாரும் வரலாம். எதற்கென்று கேட்க மாட்டேன்." கதவைத் திறந்து வைத்து, உன் கதிரையை இழுத்து எதிரே போட்டிருக்கிறேன்.

நாலரைக் கலஹா பஸ் இப்போதுதான் போனது. இன்னும் ஒருவரும் வரவில்லை. நான் இருக்கிறேன்.