செக்காட்டும் நல்லமங்கை சொன்னது மெய்

நலம் பெருகுக. கருங்கோட்டு நாட்டை வாளால் பெற்று, வயதால் தளர்ந்து ஆளும் ஆதன் கொற்றன், ஆறு வற்றாத முத்தூற்று நாடுடைய பெருந்தேவி நங்கையார் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. தங்களிடம் அடைக்கலம் புகுந்தோர் குறையின்றி வாழ்க. அப்படிப் புகுந்த ஒருத்தியைப் பற்றியே இது. எனக்கு எழுத்து வராது. சுற்றி வளைத்துச் சொல்லவும் வராது.

சென்ற ஐப்பசியில், எங்கள் ஊரில் செக்காட்டும் நல்லமங்கை வெட்டுண்டு தொங்கிய வலக்கையோடு என் அவைக்கு வந்தாள். குதிரைப்படைத் தலைவன் வயிரவன் விலையின்றி எண்ணெய் கேட்டான், மறுத்தேன், வெட்டினான் என்று முறையிட்டாள். எங்கள் வழக்கப்படி சாட்சி நடந்ததை மூன்று முறை சொல்ல வேண்டும். சொல் பிசகினால் பொய். அவள் முதலில் இரண்டு வெட்டு என்றாள், பிறகு மூன்று என்றாள். மூன்றாம் முறை சொல் வராமல் அழுதாள். வயிரவனின் வீரர் நால்வரோ, அப்போது தலைவர் எங்களோடு குளத்தில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், தலைக்கு மேல் ஒரு நாரை பறந்தது என்று மூன்று முறையும் ஓர் எழுத்து மாறாமல் சொன்னார்கள். யாரையும் நம்பாதவன் என்று பெயரெடுத்த நான் அந்த நாரையை நம்பினேன். அவளைப் பொய்க்காரி என்று அவையறியச் சொல்லி எல்லை கடத்தினேன்.

இந்தச் சித்திரையில் வயிரவன் வெட்டியதில் ஓர் இடையனுக்குக் கண் போயிற்று. வழக்குக்கு அதே நால்வர் வந்தார்கள். அதே குளம், அதே தண்ணீர், அதே நாரை. குளமோ மாசியிலேயே வற்றி வெடித்துக் கிடக்கிறது. குதிரைகள் மண்ணையா குடித்தன என்று கேட்டேன். மூவர் தலை கவிழ்ந்தார்கள். நான்காமவன், "பழைய பாடந்தான் சாமி நெனப்புல இருந்துச்சு. புதுசாச் சொல்லித்தர அவருக்கு நேரமில்ல" என்றான்.

வயிரவனைச் சிறையிலிட்டேன். அவனுடைய நன்செயில் நான்கு மா நிலமும், என் பங்காக ஒரு செக்கும், அதை ஓட்ட ஆளும், சிந்திய இரத்தத்துக்கு ஈடாக நல்லமங்கைக்கு விட்டுத் தூதனை அனுப்பினேன். அவள் வாங்கவில்லை. "கைக்கு ஈடு குடுத்துட்டாரு, சரி. பொய்க்காரின்னு சொன்னாரே, அதுக்கு எத்தனை மா?" என்று கேட்டனுப்பினாள்.

விரலுக்கு இவ்வளவு, காதுக்கு இவ்வளவு என்று எங்கள் வழக்கில் அளவு உண்டு. இதற்கு இல்லை. அன்று அவளை நம்பியிருந்தால் இடையனுக்குக் கண் இருந்திருக்கும். அதற்கும் நானே பொறுப்பு.

ஆகையால் நங்கையாரை வேண்டுவது: தங்கள் பேரவையில் நல்லமங்கையை இருக்கையில் அமர்த்தி, மற்றோரை நிற்கச் செய்து, இவ்வோலையை வாசிப்பித்தருள வேண்டும். அவள் சொன்னது மெய். ஆதன் கொற்றன் சொன்னது பொய். எங்கள் சந்தையிலும் இதுவே பறையறையப்படும். மூன்று முறை சொல்ல வைக்கும் வழக்கம் இன்றோடு ஒழிந்தது. அவள் வந்தாலும் வராவிட்டாலும் நிலம் அவளுடையது.

அரசர் சொன்னது பொய் என்பது கடுமை, பிழை என்று எழுதட்டுமா என்று என் ஓலைக்காரன் கேட்டான். வேண்டாமென்றேன். பிறகு வேறிருவரை அழைத்துத் தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பொய் என்றே இருக்கிறது. அந்தச் சொல்லின் அருகிலேயே என் கரடி முத்திரை வைத்தேன். இது என்மேல் ஆணை.