பச்சை டாங்கி

குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

நானும் கோழிகளும் சுகம். அங்கிருந்து லீவில் வந்த கனகதாஸ் கையில் நீ கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் யுத்த டாங்கி பொம்மையைத் துண்டு துண்டாக ஒட்டி முடித்துவிட்டேன். மணல் நிறம் அடிக்க வேண்டுமாம். வீட்டில் சன்னலுக்கு வாங்கிய பச்சைதான் மிச்சமிருந்தது. "எலே, யுத்தத்துக்குத் தவளையா போவுது?" என்று நம் சர்ச் சபைக்காரர்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்றுதான் இடித்தது. பெட்டியைத் திறக்கும்போதே மேலேயுள்ள பீரங்கி மட்டும் ஒட்டியிருந்தது, அத்தனை நேர்த்தியாக. நேற்று கனகதாஸ் வந்து, என் வீட்டு மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டே சொன்னான்: "அது அக்கா ஒட்டுனதாக்கும், அண்ணா. ஒண்ணாவது ஒட்டிப் பாக்கணும்னு அக்காவுக்கு ஒரு ஆசை. நான் பிடிச்சுக் குடுத்தேன். ரெண்டு பேருக்கும் விரலெல்லாம் பசை."

அவன் படி இறங்கியதும் அந்தப் பீரங்கியைப் பிய்த்தெடுத்து நானே மறுபடி ஒட்டினேன். கோணலாகிவிட்டது. இனித் திருப்ப முடியாது. அலமாரியில் வைத்தால் குழல் நம் வாசலைக் குறிபார்க்கிறது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது உன் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு வா.

கொல்லயில் ஊரிலிருந்து,
விரலில் பசை போகாத
உன் வீட்டுக்காரன்