நீ போட்ட கையெழுத்து

என் செல்ல மகளுக்கு,

அப்பாவே எழுதுகிறேன், யாரையும் வைத்து எழுதவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகிறது, பொறுத்துக்கொள்.

இந்தக் கோடியில் இருக்கும் பள்ளியில் ஆசிரியர் லீவு போட்டால், பதில் ஆசிரியர் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டும். நேற்று பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. மணி அடிக்கிற என்னைத் தலைமையாசிரியை கூப்பிட்டு, "ஐயா, மதியம் வரைக்கும் மூணாம் வகுப்பைப் பாத்துக்குங்க. இப்பத்தான் படிக்கத் தெரியுமே, வருகையும் எடுத்துடுங்க" என்றார்.

பத்தொன்பது பெயர்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். ஒரு வாண்டு, "தாத்தா, நீங்க என் பேருக்கு வர்றதுக்குள்ள நான் நாலாவதுக்குப் போயிடுவேன்!" என்றாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் ஒரு பெயரையும் விடவில்லை.

கடைசியில் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

சின்ன வயதில், என் கைநாட்டைப் பார்த்து உன் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று, உன் மதிப்பெண் அட்டையில் நீயே என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாயே, நினைவிருக்கிறதா? அது தெரிந்ததும் ஒரு வாரம் நான் உன்னிடம் பேசவில்லை. அந்த அட்டையை வைத்துத்தான், எழுத்துப் படிக்கத் தொடங்கிய இத்தனை மாதமும் எழுதிப் பழகினேன்.

நேற்று அதே கையெழுத்தைத்தான் போட்டேன், கடைசியில் நீ போட்ட சுழியோடு. அழகான கையெழுத்தம்மா உனக்கு. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

நீ கொடுத்த கையெழுத்துடன்,
அப்பா