நத்தர்ஷா பாய் அனுப்பிய வண்டிகள்

ஜூன் 9, 2025, திங்கள்

நத்தர்ஷா பாய் இன்று என்னை இரண்டு தடவை வேலையை விட்டு நீக்கினார். முதல் தடவை, செயலிழந்த வலது கையை நீட்டி மடக்க வைத்ததற்கு. அடுத்தது, டீயில் சர்க்கரை வேண்டாம் என்று அவர் மனைவி சுபைதாம்மாவிடம் நான் சொன்னதற்கு. "போ ஆத்தா, இனிமே இந்தப் பக்கம் வராத!" என்றவர், நான் படியிறங்குவதற்குள், "வியாழக்கிழமை எப்ப வருவ?" என்றார். பக்கவாதம் அவருடைய பாதி உடம்பைத்தான் எடுத்துக்கொண்டது. கம்பத்துத் திராட்சைக் கமிஷன் கடையில் ஏலம் விட்ட குரல் அப்படியே இருக்கிறது.

பிறகு, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் எங்கள் டிரஸ்ட் வேனில் காமயகவுண்டன்பட்டி. படுத்த படுக்கையாக இருக்கும் அக்கம்மாளுக்கு இடுப்புப் புண் நன்றாக ஆறி வருகிறது. நர்ஸ் ஜோதிகாவுக்கு, அதாவது எனக்கு, இன்று ஒரு சபாஷ்!

ஜூன் 17, செவ்வாய்

டிரஸ்ட்டை நடத்தும் சுந்தரலிங்கம் சார் எல்லோரையும் உத்தமபாளையம் ஆபீஸுக்கு அழைத்தார். வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசு தரும் அனுமதி புதுப்பிக்கப்படவில்லையாம். புது விதிகள். காரணம் சொல்லவில்லை. ஜெர்மனியிலிருந்து வரும் பணம் இனி வராது. வங்கியில் இருப்பதையும் தொடக்கூடாது.

"அப்ப டீசலு?" என்று மட்டும் கேட்டார் வேன் ஓட்டும் சுருளியாண்டி அண்ணன்.

சார் விண்ணப்ப நகலை எடுத்துக் காட்டினார். மறுபடி விண்ணப்பித்திருக்கிறாராம்.

ஜூன் 20

வேன் நின்றுவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

தேனி அல்லிநகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்டர்வியூ. வேலை கிடைத்துவிட்டது! ஜூலை பதினைந்தில் சேர வேண்டும். ஏசி வார்டு. தெருநாய் துரத்தாது. அம்மா கேசரி கிளறினார். எனக்குத்தான் இறங்கவில்லை — ஏன்?

ஜூலை 2, புதன்

மனசு கேட்காமல் பஸ் பிடித்து அக்கம்மாளைப் பார்க்கப் போனேன். புண் மறுபடி திறந்துவிட்டது. ஆழமாக. அவருடைய மகள் காட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். திருப்பிப் படுக்க வைக்க பகலில் ஆள் இல்லை. துடைத்துக் கட்டும்போது அக்கம்மாள் கேட்டார்: "எம்மேல என்ன கோவம் ஆத்தா? ஏன் வரல?"

இந்தம்மா யாருக்கு என்ன கெடுதல் செஞ்சாக? எங்கேயோ ஒரு கையெழுத்து விழலைன்னா இங்கன இடுப்பு அழுகணுமா?

திரும்பும் வழியில், விடைபெற்றுக்கொள்ள நத்தர்ஷா பாய் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்தினார்: "வண்டி இல்லையா? கம்பத்துல வண்டிக்கா பஞ்சம்?" இடது கையால் போனை எடுத்தார். "ஏலே பாண்டீஸ்வரா, காலையில பால் வண்டி காமயகவுண்டன்பட்டி போகுதுல்ல? ஒரு நர்ஸம்மாவ ஏத்திக்க. பத்திரம்லே, பால் மாதிரி சிந்திப்புடாத."

ஜூலை 3

பால் கேன்களுக்கு நடுவே பயணம். சிந்தவில்லை.

ஜூலை 10, வியாழன்

பாய் படுக்கையிலிருந்தே கம்பம் பள்ளத்தாக்கை ஆட்டிவைக்கிறார். நேற்று கூடலூருக்குத் திராட்சை லாரி, இன்று சுருளிப்பட்டிக்குத் தீவன வண்டி. பழைய வியாபாரிகளை மிரட்டியே கட்டுத்துணியும் மருந்தும் வாங்கிவிடுகிறார். சுபைதாம்மா காதோடு சொன்னார்: "எந்நேரமும் போனுதான். கை வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்றதில்ல, அத மறந்தே போனாக."

உள்ளூர் நன்கொடைக்கு எந்தத் தடையும் இல்லை என்கிறார் சார். ஆனால் எல்லோரையும் காப்பாற்றவில்லை. ஆண்டிபட்டி, வைகை அணைப் பக்கத்து நோயாளிகளை விட்டுவிட்டோம். அங்கே பாய்க்கு யாரையும் தெரியாது. அதை நினைத்தால் சோறு கசக்கிறது.

ஜூலை 14, திங்கள்

அல்லிநகரத்துக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இங்கே பாதிச் சம்பளம்தான். அதுவும் எத்தனை மாதம் ஓடுமோ! அம்மா, "லூசாடி நீ?" என்றார். இருக்கலாம். ஆனால் இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 11

டெல்லியிலிருந்து இன்னும் பதில் இல்லை. சார் தினமும் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்: 'பரிசீலனையில்'.

ஆகஸ்ட் 30, சனி

இன்று முட்டை வண்டியில் ராயப்பன்பட்டி. புது நோயாளி, சர்ச்சுக்குப் பின்தெரு. அவர் மகள் கதவைப் பாதி திறந்து, சந்தேகமாகப் பார்த்தார். "நீங்க எந்த ஆபீஸ்ல இருந்து வர்றீக?"

டிரஸ்ட், அனுமதி, ஜெர்மனி — எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் தடுமாறினேன். முட்டை அட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"ஆபீஸெல்லாம் இல்லக்கா. நம்ம நர்ஸு."

கதவு முழுதாகத் திறந்தது.