ஏசுபாதத்துக்கு நான்கு மார்க்

பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ கர்த்தரிடம் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஆண்டர்சன்பேட்டை சபைக்கு இன்னும் வேறு போதகர் வரவில்லை. பொறுப்பு என் தலையில். நான் இரண்டு எம்.ஏ. படித்தவன் என்பது இவர்களுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

உன் இடத்தில் நிற்க ஓர் ஆளைப் பழக்க வேண்டும். நீ ரயிலில் ஆள் பார்ப்பாய். கோரமண்டல் ஸ்டேஷனில் காலை பெங்களூர் வண்டி நின்றதும், ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு யார் யாருக்கு இடம் பிடிக்கிறார்கள் என்று கவனிப்பாய். மற்றவர்களுக்குப் பிடித்துவிட்டுக் கடைசிவரை நின்றே போன செக்யூரிட்டி ஏசுபாதத்தைச் சபை வேலைக்குத் தேர்ந்தெடுத்தாய். பத்தாவது ஃபெயில். நான் எனக்கு மட்டும் இடம் பிடித்தேன் என்பதாலா என்னை விட்டாய்? என் முதுகுவலி உனக்குத் தெரியாதா?

நான் முறையாகச் செய்தேன். வேதாகமத்தில் ஐம்பது கேள்வி, எழுத்துத் தேர்வு. முதலில் வந்தவன் மூன்றே மாதத்தில் கிட்டாரோடு பங்காருபேட்டையில் தனிச் சபை தொடங்கிவிட்டான். பாட்டுக்குழுவில் பாதிப் பேர் அவனோடு. இரண்டாவதாக வந்த டேனியல் என்மேல் பேராயருக்கு மனு எழுதினான். அதில் ஒரு பிழைகூட இல்லை. நான் சொல்லிக்கொடுத்த தமிழ்.

ஏசுபாதத்துக்கு நான்கு மார்க்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பேராயருக்கு ஒரு பெயர் கொடுக்காவிட்டால் சபையைப் பூட்டிப் பக்கத்துச் சபையோடு சேர்த்துவிடுவார்களாம். நேற்று அந்தக் கவலையில் இருந்தபோது ஏசுபாதம் வழக்கம்போல வீட்டுக்கு வந்தான்.

"வாரா வாரம் இன்னாத்துக்கு வர்ற? ஓசிப் பேப்பர் படிக்கவா?" என்றேன்.

"பேப்பர் எதுக்குண்ணே. பாஸ்டரய்யா எனக்குக் குடுத்த மொத வேலையே நீங்கதான்."

"நானா?"

"'என் தம்பி எல்லார்கிட்டயும் சண்ட போட்டுனு தனியா கெடக்கான், வாரம் ஒரு தபா போய்ப் பாரு'ன்னாரு. பதினாலு வருசம் ஆவுது."

"ஏதாவது முன்னேற்றம் தெரியுதா?"

கொஞ்சம் யோசித்தான். "போன மாசத்துலேர்ந்து உக்காரச் சொல்றீங்கண்ணே."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணா? சொல்லியிருந்தால் அவனை வாசலோடு அனுப்பியிருப்பேன், அது வேறு விஷயம்.

அவன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிரசங்கக் குறிப்பு எழுத அவனுக்கு வராது, நான் எழுதித் தருகிறேன். இந்த வாரத்திலிருந்து டேனியல் வீட்டுக்கு நானே போய் உட்காருவேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவன் கதவைச் சாத்தினாலும் மறுவாரம் போவேன்.

உன்மேலும் கோபம் தீராத
உன் ஒரே தம்பி