நீ கேட்காத குண்டுகள்

இன்று காலை காஜா பெராங்கில் புதுக் கடை திறந்த சீனர் ஒருவர் சரவெடி கொளுத்தினார். புகை எங்கள் வாசல்வரை வந்தது. அந்த வெடிமருந்து வாடையில் உன் நினைவு வந்தது. மெர்டேக்கா, அதான் நாட்டின் சுதந்திரம், கொண்டாடிய கையோடு போய்ச் சேர்ந்தவன் நீ.

யுத்தகாலத்தில் தொண்டர் படையில் சேர்ந்த நம் இருவரையும் சிங்கப்பூரில் ஒரு கடலோரக் கோட்டைக்கு அனுப்பினார்கள். நீ செட்டிக் கம்பத்துக்காரன்; அங்கே தமிழ் வழிவந்தவர்களுக்கும் வீட்டுப் பேச்சு மலாய்தான். உன் பேச்சு மலாய், இடையிடையே தமிழ். எனக்கு அது போதுமாக இருந்தது. கோட்டைப் பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன. ஜப்பானியர் தரைவழியாக வந்து நம் முதுகுப் பக்கமிருந்து சுட்டார்கள்.

முதல் நாளே பக்கத்தில் விழுந்த குண்டில் உன் காதுகள் போயின. சார்ஜண்டிடம் சொல்லலாமா என்று சைகையில் கேட்டேன். "ஜாங்ஙான்" என்று தலையாட்டினாய். வேண்டாம். ஆஸ்பத்திரிக் கூரையும் எரிவதை நாம் பார்த்திருந்தோம்.

அன்றிலிருந்து உன் சட்டை நுனி என் கையில். குண்டின் சீழ்க்கை கேட்டால் ஒரு இழுப்பு, படுப்பாய். ஓய்ந்தால் இரண்டு, எழுவாய். விடிந்ததும் தேநீர், பிறகு குண்டு, மணல் கலந்த சோறு. சரிந்த மணல் மூட்டைகளை அடுக்குவோம். மறுநாள் அவற்றையே மீண்டும் அடுக்குவோம். பயம்கூட வேலையைப் போலப் பழகிவிட்டது.

ஒரு பிற்பகல் மூட்டைச் சுவர் என்மேல் சரிந்தது. கத்தினேன், வாய்க்குள் மண் போயிற்று. நீ எனக்கு முதுகைக் காட்டி வேலை செய்துகொண்டிருந்தாய். ஆனாலும் சற்று நேரத்தில் உன் விரல்கள் என் முகத்தைத் தொட்டன. குண்டுகள் விழுந்துகொண்டிருக்க, படுக்காமல், நகம் பிய்ந்து ரத்தம் வரத் தோண்டியிருந்தாய்.

எப்படித் தெரிந்தது என்று பிறகு சைகையில் கேட்டேன். "தாடா ஓராங் தாரிக் பாஜு" என்றாய். நிலம் அதிர்ந்தும் யாரும் சட்டையை இழுக்கவில்லை. அதனால்தான் திரும்பிப் பார்த்தாயாம்.

கோட்டை சரணடைந்தது. பிடிபட்டு, விடுபட்டு, ஊர் வந்தோம். உனக்கு வலது காது மட்டும் கொஞ்சம் திரும்பியது. கிட்டே நின்று கத்தினால் கேட்கும். பல ஆண்டு கழித்துச் சுதந்திரத்தன்று திடலில் கூட்டம் முழங்கியபோது என்ன சொல்கிறார்கள் என்று என்னைத்தான் கேட்டாய். "மெர்டேக்கா" என்று உன் காதில் கத்தினேன். "ஓ, அதுவா" என்றாய்.

இத்தனை ஆண்டு உன்னோடு பேசி என் குரல் உயர்ந்தேவிட்டது. "ஏன் இப்படிக் கத்துறீங்க? இங்க எல்லாருக்கும் நல்லாத்தானே கேக்குது" என்கிறாள் மனைவி. தணித்துப் பார்க்கிறேன். இரண்டு வாக்கியத்துக்குமேல் முடிவதில்லை.