உள்ளங்கை மறைத்த காட்சி

1943, ஐப்பசி, சனிக்கிழமை.

இன்று செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் படம் ஓட்டினேன். முதலில் தமிழ்ப் படம். வெகுநாள் கழித்து வீடு திரும்பும் புருஷன் மனைவியைக் கட்டிக்கொள்ளும் இடம் வந்தது. கூலிகளை மேய்க்கும் மண்டோர் வழக்கம்போலக் கத்தினார்: “பொம்பளைங்க இருக்காங்கப்பா, மறை!” புரொஜெக்டர் முன் கையை வைத்தேன். திரை இருண்டது, பேச்சு மட்டும் கேட்டது.

அடுத்தது ஜப்பான்காரன் படம். வாளால் ஒருவன் தலையை வெட்டினார்கள். முன்னால் இருந்த பிள்ளைகள் வீறிட்டன. மண்டோர் வாயே திறக்கவில்லை. என் பின்னால் ஜப்பான் சிப்பாய் ஒருவன் நின்றான். நானும் கையை அசைக்கவில்லை.

மெஷினைக் கட்டும்போது மாரியாயி வந்தாள். ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவள். அவள் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“வெட்டுறத புள்ளைங்க பாக்கலாம், கட்டிக்கிறத நான் பாக்கக் கூடாதாண்ணே?”

“அது சண்டை. இது அசிங்கம்” என்றார் மண்டோர்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “திரும்பி வந்தவன் மொகம் எப்படிண்ணே இருந்துச்சு?” என்று என்னைத்தான் கேட்டாள்.

எனக்கும் தெரியாது. எந்தத் தோட்டத்தில் ஓட்டினாலும் அந்த இடத்தில் கையை வைத்துவிடுவேன். உள்ளங்கையில் பட்ட சூடுதான் தெரியும்.